மதர்போர்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். 2017இல் வாங்கிய மேசைக் கணினி என்னிடம் இருக்கிறது. கோர் ஐ5-7400 பிராசசர், எச்110 மதர்போர்டு, 2400 வேகத்தில் ஓடும் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, பின்னாளில் சேர்த்த ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி, இரண்டு ஹார்டு டிஸ்க், 450 வாட் பவர் சப்ளை. அலுவலக வேலை போக, குடும்ப விழாக்களில் எடுக்கும் வீடியோக்களைத் தொகுப்பது என் விருப்பம். புதிதாக வாங்கிய கேமராவின் 4கே வீடியோவைத் திறந்தால் கணினி திணறுகிறது. கேமராவில் எச்.265, 10 பிட், 4:2:2 என்று காட்டுகிறது. விண்டோஸ் 11ஐ நிறுவவும் முடியவில்லை. ஒரு நண்பர், “சாக்கெட் 1151தானே, ஒன்பதாம் தலைமுறை பிராசசரை மட்டும் வாங்கிப் போடு” என்கிறார். இன்னொருவர், “எதிர்காலத்துக்கும் சேர்த்து இசட்790 போர்டு வாங்கிவிடு” என்கிறார். எந்த மதர்போர்டு வாங்கலாம்? பழைய பாகங்களில் எவை பயன்படும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். பழைய பாகங்களில் எவை பயன்படும் என்று தெரிந்துவிட்டால், எந்த போர்டு என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். மதர்போர்டு தன்னளவில் கணினியை வேகமாக்குவதில்லை. ஒரே பிராசசரையும் ஒரே ரேமையும் நடுத்தர போர்டு ஒன்றிலும் விலை உயர்ந்த போர்டு ஒன்றிலும் பொருத்தி, ஒரே வீடியோவை ஏற்றுமதி செய்தால் நேர வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பிராசசருக்குப் போதுமான மின்சாரம் தருவது, ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் கார்டுக்கும் வழி விடுவது, இவ்வளவுதான் போர்டின் வேலை. மற்ற பாகங்களின் திறனுக்கு அது குறுக்கே நிற்காமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதனால்தான் போர்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

முதல் நண்பரின் யோசனையை விட்டுவிடுங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர்களுக்கான சாக்கெட்டும் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கான சாக்கெட்டும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் வந்தவை என்பது உண்மை. பொருத்தினால் உட்காரவும் செய்யும். ஆனால் எட்டாம் தலைமுறையில் சில பின்களின் பணியை இன்டெல் மாற்றிவிட்டது. அந்தப் பிராசசர்களுக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) கொண்ட போர்டுதான் வேண்டும். உங்கள் எச்110 போர்டு 100 வரிசையைச் சேர்ந்தது. பின்களை ஒட்டு நாடாவால் மறைத்து, திருத்திய பயாஸை (கணினியைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஏற்றி ஓட வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கும் குடும்ப வீடியோவுக்கும் நம்பியிருக்கும் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம். இப்போதைய போர்டில் முறையாகப் பொருந்தும் உச்ச பிராசசர் ஐ7-7700கே. அதிலும் நான்கு கோர்தான். விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் அதுவும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எனவே போர்டு, பிராசசர் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி.

அடுத்து, வீடியோ ஏன் திணறுகிறது என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல் பிராசசரைத் தேர்ந்தெடுத்தால் காசு செலவாகும், திணறல் அப்படியே இருக்கும். எச்.265 முறையில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டுவதற்குக் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு சுற்று இருக்கிறது. உங்கள் ஜிடிஎக்ஸ் 1650இல் உள்ள அந்தச் சுற்றுக்கு, வழக்கமான 4:2:0 வகை தெரியும், நிற விவரம் அதைவிடக் கூடுதலாக உள்ள 4:2:2 தெரியாது. ஏழாம் தலைமுறை இன்டெல் சிப்பில் உள்ள கிராஃபிக்ஸின் நிலையும் இதேதான். ஆகவே வீடியோவின் ஒவ்வொரு சட்டகத்தையும் நான்கு கோர் பிராசசர் தானே கணக்கிட்டு விரிக்க வேண்டியிருக்கிறது. திணறாமல் என்ன செய்யும்?

இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து மேசைக் கணினிப் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், எச்.265 10 பிட் 4:2:2ஐ நேரடியாக விரிக்கும். கோர் ஐ5-12400, ஐ5-13400, ஐ5-13500 போன்றவற்றில் இந்த வசதி உண்டு. ஆனால் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள் கிராஃபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும். தனியாகக் கார்டு வைத்திருப்பவருக்கு எஃப் வகையே மிச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் தேவைக்கு அந்த அறிவுரை பொருந்தாது. எஃப் இல்லாததையே வாங்குங்கள். தனிக் கார்டு இருக்கும்போது சில போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் அதை இயக்கிவைத்து, தொகுப்பு மென்பொருளிலும் அதைப் பயன்படுத்துமாறு அமைப்பை மாற்ற வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 அதே இடத்தில் இருக்கட்டும்; நிறத் திருத்தம் போன்ற வேலைகளுக்கு அது இன்னும் உதவும்.

இனி ரேம். உங்களிடம் இருப்பது டிடிஆர்4, மொத்தம் 16 ஜிபி. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள்தான் என்றாலும், நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது, அழுத்திப் பார்க்கவும் கூடாது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டும், இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கான எல்ஜிஏ 1851 சாக்கெட்டும் டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்பவை. அந்த வழியில் போனால் உங்கள் ரேம் இரண்டும் பயனற்றுப் போகும். 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் இரண்டு வகை ரேமையும் கையாளும். அவற்றுக்கான எல்ஜிஏ 1700 போர்டுகள் டிடிஆர்4க்குத் தனியாக, டிடிஆர்5க்குத் தனியாக என்று வருகின்றன. இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டி4 அல்லது டிடிஆர்4 என்ற ஒட்டுச் சொல் மட்டும் மாறும். வாங்கும்போது பெட்டியைத் திருப்பி அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். இந்தத் துறையில் மிக அதிகமாகத் திருப்பிக் கொடுக்கப்படும் போர்டுகளில் இவையும் அடங்கும் என்பது என் அனுபவம்.

ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டும் டிடிஆர்4 ஏற்கும்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஏற்கும். ரைசன் 5 5600, ரைசன் 7 5700எக்ஸ் இரண்டும் நல்ல பிராசசர்கள். ஆனால் ரைசனுக்குள் கோர்களையும் ரேம் கட்டுப்படுத்தியையும் இணைக்கும் பாதை, ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவது. உங்கள் 2400 ரேமைப் போட்டால் அந்தப் பாதையும் மெதுவாகிவிடும். இன்டெலில் அந்தப் பாதிப்பு குறைவு. தவிர, அந்த இரண்டிலும் உள் கிராஃபிக்ஸே கிடையாது. உங்கள் கேமராவை வைத்துப் பார்த்தால் இந்தக் காரணம் ஒன்றே போதும்.

ஆக, என் பரிந்துரை இதுதான்: எல்ஜிஏ 1700 சாக்கெட், பி760 அல்லது பி660 சிப்செட், டிடிஆர்4 வகை, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, நான்கு ரேம் ஸ்லாட் கொண்ட போர்டு. அதில் ஐ5-12400, கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஐ5-13500. இரண்டாவதில் ஆறு பெரிய கோர்களும் எட்டுச் சிறிய கோர்களும் உண்டு. வீடியோ ஏற்றுமதியில் அந்த எட்டும் சும்மா இருக்காது.

நான்கு ஸ்லாட் என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 4கே தொகுப்புக்கு 16 ஜிபி விரைவில் போதாமல் போகும். நான்கு ஸ்லாட் இருந்தால் பழைய இரண்டையும் கழற்றாமல் இன்னும் இரண்டு 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம். இதனால்தான் எச்610 போர்டை உங்களுக்குச் சொல்லவில்லை. அந்தச் சிப்செட்டில் இரண்டு ரேம் ஸ்லாட்தான். பிராசசரிலிருந்து எஸ்எஸ்டிக்கு நேராகச் செல்லும் நான்கு பாதைகளும் அதில் திறக்கப்படுவதில்லை, எம்.2 எஸ்எஸ்டி (போர்டில் நேரடியாகச் செருகும் சிறிய எஸ்எஸ்டி) சிப்செட் வழியாக, பிசிஐஇ என்ற இணைப்புப் பாதையின் பழைய 3.0 வேகத்தில்தான் ஓடும். கணக்கு எழுதவும் படிக்கவும் மட்டும் கணினி வாங்குபவருக்கு எச்610 மிகப் பொருத்தமானது. அதை மட்டமான போர்டு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் வேலைக்கு அது சிறியது, அவ்வளவே.

இசட்790 பற்றி இரண்டாவது நண்பர் சொன்னதற்கு வருகிறேன். இசட் வரிசையின் முக்கியச் சிறப்பு, கே என்ற எழுத்தில் முடியும் பிராசசர்களின் வேகத்தைக் கையால் உயர்த்தும் வசதி. நான் சொன்ன பிராசசர்கள் கே வகை அல்ல. கூடுதலாகக் கிடைக்கும் எம்.2 ஸ்லாட்டுகளும் யுஎஸ்பி வாய்களும் நல்லவைதான். எதைச் செருகப் போகிறீர்கள் என்று உங்களால் இப்போதே பெயர் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். பெயர் சொல்ல முடியாத வசதிக்குக் கொடுக்கும் பணத்தை ரேமில் போடுங்கள்.

“எதிர்காலம்” என்ற சொல் மதர்போர்டு விற்பனையில் எத்தனையோ பேரின் பணத்தை வீணாக்கியிருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எல்ஜிஏ 1700க்கு 14ஆம் தலைமுறையோடு புதிய வரவு முடிந்துவிட்டது. அடுத்த தலைமுறை வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது. அப்படியென்றால் எதிர்காலத்துக்காகவே எல்ஜிஏ 1700இல் உச்ச போர்டு வாங்குவதில் பொருளே இல்லை. போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றிக்கொண்டே போக விரும்புபவருக்கு ஏஎம்5தான் பொருத்தம். 2022இல் வந்த அந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஏஎம்4இல் அந்நிறுவனம் அப்படிச் செய்தும் காட்டியது. 2017இல் வாங்கிய போர்டில், உரிய பயாஸ் ஏற்றி, 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை இயக்கியவர்கள் உண்டு.

ஆனால் நீங்கள் அப்படிப்பட்டவரா? 2017இல் வாங்கிய போர்டில் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட பிராசசரை மாற்றவில்லை. கார்டு சேர்த்தீர்கள், வட்டு சேர்த்தீர்கள், போர்டு கடைசி மூச்சு வரை உழைத்தது. அடுத்த முறையும் ஏழெட்டு ஆண்டு கழித்துத்தான் மாற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது சாக்கெட், ரேம் இரண்டுமே மாறியிருக்கும். உங்களைப் போன்றவருக்குச் சாக்கெட்டின் ஆயுளைவிட, ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையும் போர்டின் உறுதியும்தான் முக்கியம். மாறாக, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிராசசர் மாற்றும் ஆவல் உங்களுக்கு வந்திருந்தால் என் பரிந்துரையைக் கைவிட்டு, பி650 அல்லது பி850 போர்டும் டிடிஆர்5 ரேமும் வாங்கிக்கொள்ளுங்கள். டிடிஆர்4 வகை எல்ஜிஏ 1700 போர்டு புதிதாகக் கிடைக்காமல் போனாலும் அதே வழிதான். ஆனால் உங்கள் கேமராவின் 4:2:2 வீடியோவை ஏஎம்5 பிராசசர்களில் உள்ள கிராஃபிக்ஸ் விரிக்காது என்பதை மறக்க வேண்டாம். அந்தச் சுமையைக் கோர்களே தாங்க வேண்டியிருக்கும்.

பி760 என்ற பெயரிலேயே பத்துப் பதினைந்து போர்டுகள் இருக்கும். அவற்றுள் எது என்பதை முடிவு செய்ய, சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதியைப் பாருங்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ட் மின்சாரத்தைப் பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தருவது அந்தப் பகுதி. வேலை கடுமையாகும்போது அதுவும் சூடாகும். எல்லை மீறிச் சூடானால் பிராசசரின் வேகத்தை போர்டே குறைத்துவிடும். ஐ5-12400 உச்சத்தில் 117 வாட் எடுக்கும், ஐ5-13500 154 வாட். முதலாவதை எந்த போர்டும் சமாளிக்கும். இரண்டாவதை மணிக்கணக்கில் ஓட விடுவதானால், மின்சாரப் பகுதியின் மேல் அலுமினிய வெப்பத்தகடு கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியில் 12+1+1 என்றெல்லாம் அச்சிட்டிருக்கும் மின்சாரக் கட்டங்களின் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கட்டத்தில் இரண்டு பாகங்களை இணையாக வைத்து இரண்டாக எண்ணுவதும் வழக்கம்தான். கனமான, திருகால் இறுக்கிய தகடு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே எளிய அடையாளம்.

எம்.2 ஸ்லாட் இரண்டு இருந்தால் நல்லது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி தரும், பிசிஐஇ 4.0 எம்.2 எஸ்எஸ்டியில் நல்லவை 7,000 எம்பி வரை போகும். விண்டோஸ் திறப்பதில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பெரிய வீடியோக் கோப்புகளை நகலெடுக்கும்போது நன்றாகத் தெரியும். சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா வாய் செயலிழக்கும். உங்களுக்கு மூன்று சாட்டா வாய்கள் தேவை என்பதால், போர்டு தயாரிப்பாளரின் கையேட்டை வாங்கும் முன்பே இணையத்தில் இறக்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். கார்டுக்கான இரண்டாவது நீள ஸ்லாட்டும் அப்படித்தான்: வடிவம் பதினாறு பாதைக்கு உரியது, உள்ளே இருப்பது பெரும்பாலும் நான்கோ ஒன்றோ. ஒலி, வண்ண விளக்கு, வைஃபை எல்லாம் உங்கள் விருப்பம். பின்னாளில் யுஎஸ்பி வழியாகச் சேர்த்துக்கொள்ளக்கூடியதற்காக நல்ல போர்டை ஒதுக்க வேண்டாம்.

கேபினட் மாற்ற வேண்டியதில்லை. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரம். திருகுத் துளைகளின் இடம் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. ஆனால் உங்களுடையது பெரிய நிறுவனம் ஒன்று முழுமையாகத் தயாரித்து விற்ற கணினி என்றால் எச்சரிக்கை தேவை. அவற்றில் பவர் சப்ளையின் இணைப்பும் முன்பக்கப் பொத்தானின் இணைப்பும் பொது அளவில் இல்லாமல் போவது உண்டு. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, போர்டுக்கு வரும் பெரிய இணைப்பில் 24 முனைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் என் அறிவுரை கறாராக இருக்கும். 450 வாட் என்பது இந்தக் கணினிக்கு அளவில் போதும். ஆனால் 2017 முதல் ஓடிய பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் முதுமையடைந்திருக்கும். அது பழுதாகும்போது தான் மட்டும் போகாமல் போர்டையும் வட்டுகளையும் சேர்த்துக் கெடுக்கலாம். விழா வீடியோக்கள் அந்த வட்டுகளில்தானே இருக்கின்றன? இசட்790க்குக் கொடுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து, பிராசசருக்கான 8 முனை இணைப்புள்ள, 550 வாட் அளவில் தரமான புதிய பவர் சப்ளை வாங்குங்கள்.

பழைய குளிர்விப்பானும் பொருந்தாது. எல்ஜிஏ 1151இல் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர்; எல்ஜிஏ 1700இல் 78. பெட்டியில் வரும் ஐ5-12400 உடன் குளிர்விப்பான் சேர்ந்தே கிடைக்கும். பெட்டியின்றிப் பிராசசரை மட்டும் விற்பவர்களிடம் வாங்கினால் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

பயாஸைப் பற்றி ஒன்று. பி660 போர்டுகள் 12ஆம் தலைமுறையோடு வந்தவை. 13ஆம் தலைமுறைப் பிராசசரைப் பொருத்தும் முன் அவற்றின் பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் எதுவுமே வராது. பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி மூலம் பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறம் உண்டு. அது இருந்தால் கவலை இல்லை. தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஏற்கும் பிராசசர்களின் பட்டியலும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்பதும் இருக்கும். 13, 14ஆம் தலைமுறையில் சில பிராசசர்கள் மிகை மின்னழுத்தத்தால் சிதைந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கான திருத்தத்தை இன்டெல் 2024இல் வெளியிட்டது. அது பயாஸ் வழியாகத்தான் போர்டுக்கு வருகிறது. எந்தப் பிராசசரை வாங்கினாலும் முதல் நாளே புதிய பயாஸை ஏற்றிவிடுங்கள்.

பழைய போர்டைக் கழற்றும் முன், அந்தக் கணினி ஓடும் நிலையிலேயே செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. முதலில் வீடியோக்களை வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். பிறகு, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் சாவி பழைய போர்டின் பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டிருக்கலாம். மீட்புச் சாவி கையில் இல்லாமல் போர்டை மாற்றினால் வட்டைத் திறக்கவே முடியாது. குறியாக்கத்தை முழுமையாக நீக்கிவிட்டு மாற்றுவதே பாதுகாப்பு. விண்டோஸ் உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவையுங்கள். தனியாக வாங்கிய உரிமம் புதிய போர்டுக்கு மாறும். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பழைய போர்டோடு நின்றுவிடும்.

விண்டோஸ் இருக்கும் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டதா, ஜிபிடியா என்பதையும் வட்டு மேலாண்மைப் பகுதியில் பாருங்கள். எம்பிஆர் என்றால் புதிய போர்டில் அது பெரும்பாலும் துவங்காது. விண்டோஸ் 10இலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவிக்கொள்வதையே நான் விரும்புவேன். அதற்குக் கேட்கப்படும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி தனிச் சிப்பாக வேண்டியதில்லை. பயாஸில் பிடிடி என்ற பெயரில் இருப்பதை இயக்கினால் போதும்.

பொருத்தும்போது ரேம் இரண்டையும் சாக்கெட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். எல்ஜிஏ 1700இன் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. விரல் பட்டாலே வளையும். வளைந்த பின்னுக்கு உத்தரவாதம் கிடைக்காது. ஆகவே பெட்டியைத் திறந்ததும் சாக்கெட்டின் மேலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுக்காமல், போர்டை முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். பிராசசரை வைத்து நெம்புகோலை அழுத்தும்போது அந்த மூடி தானே கழன்று வரும். அதைத் தூக்கி எறியாமல் போர்டுப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். உத்தரவாதத்துக்காக போர்டைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அந்த மூடியைப் பொருத்தித்தான் அனுப்ப வேண்டும்.